நிலவில் தொலைந்தவனைத் தேடியவர்

சென்ற செவ்வாய்க்கிழமை மத்தியானம், கனடாவின் பிறம்ரன் நகரில் நான் வேலை செய்யும் வெயர்ஹவுசின் அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வேலை நேரத்தில் ரெலிபோன் வந்தால் நெஞ்சு இடிக்கும் காலம் இது. மறுமுனையில் என் மனைவி.

"இஞ்சேருங்கோ, சரோ அக்கா மோசம் போட்டா. படம் கழுவுற இருட்டறைக்குள்ள வேலையில நிண்டவவாம். சாப்பாட்டுக்கு வரேல்லை எண்டு போய்ப் பாத்தா, கதிரையில சாய்ஞ்சபடி கிடந்தாவாம்."

நான் கேட்ட முதற் கேள்வி, "அங்க வேறை ஆரும் நிண்டவையோ?" என்பதுதான்.

மாரடைப்பு என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அதில் எனக்கு இப்போது சந்தேகம் எதுவும் இல்லை. ஆனால் ஐம்பது வயதும் ஆகாத, ஒருவருக்கும் தீங்கு நினையாத ஒரு பெண்மணி இறந்த செய்தியைக் கேட்டதும் அப்படியொரு கேள்வி ஏன் என் வாயில் வந்தது என்பதை, அவரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அறிந்தவர்களுக்கும் சொல்லத்தான் வேண்டும். அவர்களிற் பலர் அதை மறந்துவிட விரும்புகிறார்கள்.

எங்கள் ரோணியோ இதழின் வாசகர்கள் அவரைத் 'திங்களூரான்' என்ற பெயரில் அறிந்திருந்தார்கள். சந்திரனில் நடக்கும் மர்ம நாவல்களை எழுதியவர். சொந்தப் பெயர் சரோஜினிதேவி. மட்டக்களப்பில் வாவிக்கரையோரம் பிறந்தவர். கொழும்பில் வானிலை அவதானிப்பு நிலையம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், இருந்த வீட்டையும் வேலையையும் இழந்து, அந்த ஆண்டின் கடைசியில் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தார். சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்திலேயே, ஒரு குடும்பத்தோடு அறை ஒன்றைப் பகிர்ந்து இருந்தார்.

நானும் மனைவியும் வரவேற்பறையில் வைத்து அந்த மாத இதழை நடத்தினோம். மனைவி தமிழ்த் தட்டச்சில் ஸ்டென்சில் அடிப்பார். நான் பிரதியெடுக்கும் ரோணியோ இயந்திரத்தைச் சுற்றுவேன். ஒருநாள் சரோ அக்கா கதவைத் தட்டி, ஒரு கட்டுத் தாளை நீட்டினார்.

"என்ர சொந்தக்காரர் ஒராள் எழுதினது. வாசிச்சுப் பாருங்கோ தம்பி."

சந்திரனில் ஓர் ஆய்வு நிலையம். உள்ளே எட்டுப்பேர். யாரோ ஒருவர் ஒட்சிசன் கலன்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுகிறார். அன்றிரவு நானும் மனைவியும் தாள்களைப் பிடுங்கிப் பிடுங்கி வாசித்தோம். அடுத்த முறை அவர் வந்தபோது மனைவி சும்மா, "அந்தக் கலனை வெளியில இருந்தும் திறக்கலாமோ அக்கா?" என்று கேட்டார். "ஏலாது பிள்ளை, அதுக்குத்தானே நான் அந்தப் பூட்டை வைச்சனான்," என்று சொல்லிவிட்டு, அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மூவரும் சிரித்தோம்.

"ஏன் அக்கா ஆம்பிளைப் பேர்?"

"பொம்பிளை எழுதினது எண்டா சமையல் குறிப்பைத் தேடுவினம். ஆம்பிளை எண்டா சந்திரனுக்கும் போக விடுவினம்."

"ஏன் சந்திரன்?" என்று கேட்டேன். தேநீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "ஊரைப் பற்றி எழுதினா கை நடுங்குது தம்பி. சந்திரனில ஒருத்தருக்கும் சொந்தக் காணி இல்லை."

முதல் நாவலுக்கு 'வெண்புழுதி' என்று பெயர். ஒவ்வொரு அத்தியாயமும் வெளிவந்த வாரம், தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே ஆட்கள் கொலைகாரன் யார் என்று வாதாடுவார்கள். கடைக்காரர் என்னைக் கண்டதும், "அந்த டொக்டர்தானே ஆள்? எனக்கு மட்டும் சொல்லுங்கோ," என்பார். அதை நான் அக்காவிடம் சொன்னேன். அவருடைய முகம் வாடிப் போயிற்று. "அவருக்குப் பிடிபட்டிட்டுதோ? அப்ப டொக்டரைக் காப்பாத்தத்தான் வேணும்," என்றார். அடுத்த இதழில் டொக்டர் குற்றமற்றவராகிவிட்டார். கடைக்காரர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தச் சிரிப்புக் காலம் நீடிக்கவில்லை.

அக்காவுக்கு ஒரே தம்பி, ரவீந்திரன். கொழும்பிலிருந்து ஊர் திரும்பியவர் ஆயுத இயக்கம் ஒன்றிற் சேர்ந்திருந்தார். ஊரில் இயக்கங்கள் தமக்குள் அடிபடத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. ரவி படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டதாகத் தாயாருக்குச் செய்தி வந்தது. அதன் பின் ஒரு தகவலும் இல்லை. அக்கா என் மனைவியிடம் ஒருநாள் சொன்னார்: "மூண்டு பொடியள் வேறை வேறை நாளில வந்து அம்மாட்டச் சொல்லியிருக்கிறாங்கள். மூண்டு பேரும் ஒரே வசனம். ஒரு சொல்லுகூட மாறேல்லை. உண்மை எண்டால் கொஞ்சமாவது மாறிவரும் பிள்ளை."

எண்பத்தாறாம் ஆண்டுக் கோடையில் 'ஐந்தாவது தடம்' என்ற தொடரைக் கொண்டுவந்து தந்தார். நிலவின் மறுபக்கத்துக்கு ஐந்து ஆய்வாளர்கள் போகிறார்கள். நால்வர் திரும்புகிறார்கள். கதிர் என்பவன் மட்டும் வரவில்லை. வழிதவறிப் போய்விட்டான் என்று நால்வரும் ஒரே வசனத்தைச் சொல்கிறார்கள். விசாரிக்கப் பூமியிலிருந்து மங்கை என்ற பெண் வருகிறாள். கதிருக்கு இடது கால் சற்று இழுபடும். அதனால் அவன் தடத்தை அவளால் இலகுவாகப் பின்தொடர முடிகிறது. வெட்டவெளியில் ஓரிடத்தில் அந்தத் தடம் நின்றுபோகிறது. மங்கை சொல்கிறாள்: "இங்கே காற்று இல்லை, மழை இல்லை. ஒரு தடம் அழிந்திருந்தால் ஒரு கைதான் அழித்திருக்க வேண்டும்." குழுத் தலைவன் அமைதியாகப் பதில் சொல்கிறான்: "இங்கிருந்து பூமி தெரியாது, அம்மா. பூமிக்கும் எங்களைத் தெரியாது."

அந்த வரியை அடித்துவிட்டு மனைவி தட்டச்சிலிருந்து கையை எடுத்தார். "ரவிக்கும் இடது கால்தானே?" என்று கேட்டார். சைக்கிளால் விழுந்து முறிந்து, சரியாகப் பொருந்தாத கால்.

அதற்குப் பிறகு ரெலிபோன் அடிக்கும். எடுத்தால் மறுபக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். சில நாள் ஒரு மரியாதையான குரல்: "அண்ணை, உந்தச் சந்திரக் கதை இன்னும் எத்தினை மாதம் போகும்?" கட்டடத்தின் வாசலில் நிற்கும் ஒரு நீலக் காரைப் பற்றி மனைவி சொல்லத் தொடங்கினார். அதை நானும் கண்டிருந்தேன். இருவரும் மகளுக்கு முன்னால் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். சரோ அக்கா சோபாவில் இருந்து அடுத்த அத்தியாயத்தின் ஸ்டென்சிலைப் பிழைபார்த்துக்கொண்டிருந்தார். அவர்களைக் கண்டதும் அதை மடியில் கவிழ்த்துவிட்டார். யாரோ விருந்தாளி என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மூத்தவன் சொன்னான்: "திங்களூரான் நல்லா எழுதுறார் அண்ணை. ஒருக்காச் சந்திக்க விருப்பம். அட்ரஸ் தாருங்கோ."

தபாலில் அனுப்புகிறார், எனக்கு முகவரி தெரியாது என்றேன். அவன் சுவரில் மாட்டியிருந்த என் மகளின் பாடசாலைப் படத்தைப் பார்த்தபடி நின்றான். "மகளோ? எந்தப் பள்ளிக்கூடம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

அக்கா எழுந்து போய்த் தேநீர் ஊற்றி வந்து கொடுத்தார். இளையவனிடம், "தம்பி, நானும் அந்தக் கதை வாசிக்கிறனான். கதிருக்கு என்ன நடந்திருக்கும் எண்டு நினைக்கிறீர்?" என்று சும்மா ஊர்க்கதை கேட்பதுபோலக் கேட்டார்.

"அவன் துரோகி, அன்ரி. துரோகியைச் சுடாமல் என்ன செய்யிறது?"

அக்காவின் கையில் இருந்த கோப்பை அசையவில்லை. "கதையில அவன் செத்தவன் எண்டே இன்னும் வரேல்லையே, தம்பி. காணேல்லை எண்டுதானே கிடக்கு."

அந்தப் பொடியனின் முகம் வெளிறியதை நான் கண்டேன். மூத்தவன் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தான். "கதையை நிப்பாட்டிறது எல்லாருக்கும் நல்லது அண்ணை," என்றான். இருவரும் வந்த மரியாதையோடே போனார்கள்.

கதவு சாத்தியதும் அக்கா சோபாவில் இருந்தார். "அம்மாவுக்கு எப்பிடிச் சொல்லுவன்?" என்று மட்டும் கேட்டார். என் மனைவி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் அழுதது அன்று ஒருமுறைதான்.

கடைசி அத்தியாயத்தை இதழில் போட வேண்டாம் என்று அவரே தடுத்தார். "உங்கட பிள்ளைக்கு ஒரு கீறலும் வரக்கூடாது. நான் வேறை வழி பாக்கிறன்."

அடுத்து வந்த தைப்பொங்கல் விழா வெக்ஸ்போர்ட்டில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. நடனமும் பட்டிமன்றமும் முடிந்தபின், 'கதை வாசிப்பு, செல்வி சரோஜினிதேவி' என்று அறிவித்தார்கள். சாம்பல் நிறச் சேலையும் குளிர்ச் சப்பாத்துமாக அவர் மேடையேறினார்.

"வணக்கம். திங்களூரான் எண்டு எழுதினது நான்தான். இது 'ஐந்தாவது தடம்' கதையின்ர முடிவு."

பின்னால் சிலர் எழுந்து கதவருகே போய் நின்றார்கள். அவர் ஒரு பக்கம் வாசித்து முடிக்கவில்லை, ஒலிவாங்கி செத்துப்போயிற்று. யார் நிறுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. அக்கா அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, படியிறங்கிக் கதிரைகளுக்கு நடுவே வந்து நின்று தொடர்ந்து வாசித்தார். அவர் குரல் சிறியது. அதனால் சனம் கதிரைகளை இழுத்துக்கொண்டு அவரைச் சுற்றி நெருங்கி வந்தது.

மங்கை ஒரு பள்ளத்துள் கதிரின் உடலைக் காண்கிறாள். அழுகாமல், உறங்குபவன்போலக் கிடக்கிறான். தலைவன் கேட்கிறான்: "உன்னை யார் நம்புவார்கள்?" அவள் சொல்கிறாள்: "நம்ப வேண்டாம். இவன் வழிதவறவில்லை என்று இவன் தாய்க்குத் தெரிந்தாற் போதும்."

யாரும் கைதட்டவில்லை. அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு வயதான அம்மா எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்தார். "என்ர மோனும் படகில ஏறிப் போட்டான் எண்டுதான் சொன்னவங்கள், பிள்ளை," என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்தார். பிறகு இன்னொருவர். கதவருகே நின்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

அதன் விலையிற் பெரும்பங்கை அக்காவே சுமந்தார். இதழை விற்க எந்தக் கடையும் முன்வரவில்லை, நாங்கள் அதை மூடினோம். அவருடைய கதவுப் பூட்டுக்குள் யாரோ பசையை ஊற்றினார்கள். அவரைக் கண்டதும் எலிவேற்றருக்குள் ஆட்கள் சுவரைப் பார்த்தார்கள். கடைக்காரர் மிச்சக் காசை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அக்கா வெக்ஸ்போர்ட்டுக்கு வீடு மாறினார். அங்கும் ரெலிபோன் அடித்தது. எடுத்து, "ஓம், நான்தான். சொல்லுங்கோ," என்று காத்திருப்பார். எவரும் சொன்னதில்லை.

இந்த வருட வசந்தத்தில் ஒருவன் நேரிலேயே வந்தான். அன்று எங்கள் வீட்டில் வாய்தவறிய அந்த இளையவன்தான். வாசலில் நின்றபடி, ரவியை எங்கே புதைத்தார்கள் என்று இடத்தைச் சொல்லியிருக்கிறான். வாவியின் வடக்கே, கண்டல் மரங்களுக்கு இப்பால். அக்காவின் தாயார் ஆட்களோடு போய்ப் பார்த்து, எடுத்து, செய்யவேண்டிய கிரியைகளைச் செய்வித்தார்.

"அவனை மன்னிச்சிட்டீங்களோ அக்கா?" என்று நான் கேட்டேன்.

"இல்லை. ஆனா அவன் வந்து சொன்னான். மற்ற ஆக்கள் சொல்லேல்லை." பிறகு, "அவன்ர பேரைக் கேக்காதேங்கோ. அவனுக்கும் ஒரு அம்மா இருப்பா," என்றார்.

பிறகும் எழுதினார். நிலவில் பிறந்து, பூமியைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளைகளைப் பற்றிய நாவல். அதில் கொலையே கிடையாது என்று சொன்னபோது அவருக்கே அது வியப்பாக இருந்தது. பாதியில் நிற்கிறது.

நேற்று அவருடைய இறுதிக் கிரியை. நாலு பேராவது வருவார்களா என்று நானும் மனைவியும் பயந்துகொண்டு போனோம். மண்டப வாசலில், ஒரு தூணோடு ஒட்டி, கமராவுடன் ஒருவன் நின்றான். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் படம் எடுத்தான். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. அந்த முகங்கள் யாரிடம் போகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், கார்களில் வந்து இறங்கினார்கள், பனிக்குள் வரிசையாக நின்றார்கள். எனக்கு முன்னால் ஓர் அம்மா நின்றார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. தன் முறை வந்ததும் தலையை மூடியிருந்த துணியை விலக்கி, கமராவை நேரே பார்த்துச் சொன்னார்:

"வடிவா எடு, மோனை. முகம் தெளிவா விழவேணும்."

அவன் கமராவைத் தாழ்த்தினான். அவர் உள்ளே போனார். நாங்களும் போனோம்.

சரோ அக்கா, நிம்மதியாக உறங்குங்கள். உங்களை வழியனுப்ப வந்தவர்களுக்கு உள்ளே இடம் போதவில்லை.