அம்மா அழித்த கடைசி எபிசோட்

“அப்பா, உங்கட பழைய விண்வெளித் தொடரில தொலைஞ்ச ரெண்டு எபிசோட் கிடைச்சிட்டுதாம்,” என்று போனைப் பார்த்தபடி மகள் சொன்னாள். எனக்கு உடனே மீன் பொரியல் மணந்தது.

சிறுவயதில், புலம்பெயர்ந்து வந்த எங்கள் லிட்கம் வீட்டில் வீடியோ டெக் இல்லை. பின்னேரம் அந்தத் தொடர் தொடங்கியதும் கசெற் ரெக்கோடரை ரீவிக்கு முன்னால் கதிரையில் வைத்துச் சத்தத்தை மட்டும் பதிவேன். பொரியும் சத்தம் பதிவில் விழாதபடி குசினியில் அம்மா மீன் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, அரை மணித்தியாலம் அசையாமல் நிற்பார்.

ஊருக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிந்த கசெற் அனுப்புகிற காலம் அது. யாழ்ப்பாணத்தில் இருந்த தன் தம்பிக்கு அம்மா பேசியது, நான் கடைசி எபிசோட்டைப் பதிந்து வைத்திருந்த கசெற்றில்.

“வெறும் கசெற் எண்டு நினைச்சிட்டன், ராசா.”

நான் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. கசெற் தபாலில் போய்விட்டது.

அம்மா இறந்து ஏழு வருடம். இத்தனை இடப்பெயர்வுகளிலும் காப்பாற்றி வைத்திருந்த அந்தக் கசெற்றைச் சென்ற மாதம்தான் மாமா அனுப்பியிருந்தார். அம்மாவின் குரலைக் கேட்கத் துணிவில்லாமல் மேசை லாச்சியில் வைத்திருந்தேன். இன்று பழைய ரெக்கோடரை எடுத்து, மகளோடு இருந்து கேட்டேன்.

ஊர்ப் புதினமெல்லாம் விசாரித்து முடித்த அம்மா, குரலைத் தாழ்த்தினார். “தம்பி, இதில பிள்ளையின்ர கதையொண்டை அழிச்சுப்போட்டன். குசினியில நிண்டு கேட்டதைச் சொல்லுறன், கேட்டிட்டு அவனுக்குத் திருப்பி அனுப்பு. கிழவனொருத்தன் ஆகாயக் கப்பலை விட்டு இறங்கமாட்டனெண்டு அடம்பிடிச்சான். கப்பல் எரியத் தொடங்கிட்டுது. மிச்சம் எனக்கு விளங்கேல்லை. அவனைக் கேக்கலாமெண்டா, அவன் கதைக்கிறானில்லை.”

கசெற் நின்றது. மகள் என்னைப் பார்த்தாள். நான் ரெக்கோடரைப் பார்த்தபடி மிச்சக் கதையைச் சொன்னேன்.