‘காலஞ்சென்ற’ என்று நான் எழுதியது

பர்மாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய குடும்பங்கள் சில, தென்காசி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய நெல் கிட்டங்கியில் தங்கியிருந்தன. அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. அந்தப் பிள்ளைகள் வீட்டில் தமிழ்தான் பேசும். எழுதப் படிக்கத் தெரிந்தது பர்மிய எழுத்து மட்டும். ஆசிரியப் பயிற்சி முடித்து வேலை உத்தரவுக்குக் காத்திருந்த நான், வீட்டில் சும்மா உட்கார்ந்து அம்மாவிடம் வசவு வாங்குவதற்கு இது மேல் என்று தினமும் சாயங்காலம் போய்ச் சொல்லிக்கொடுத்தேன். தியாகம் கியாகம் என்று யாராவது ஆரம்பித்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வரும்.

ஏழெட்டுப் பிள்ளைகளில் ஒருத்திக்குப் பதினைந்து வயது. கெட்டிக்காரி என்றால் அப்படி ஒரு கெட்டிக்காரி. மூன்றே மாதத்தில் செய்தித்தாளை எழுத்துக் கூட்டாமல் வாசித்தாள். மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துத் தரும் காகிதத்தைக்கூட விட மாட்டாள். நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் கையில் சான்றிதழ் எதுவும் இல்லை என்பதால், பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில்தான் உட்காரவைப்போம் என்றார்கள். பதினைந்து வயதுப் பெண் சின்னஞ்சிறுசுகளோடு எப்படி உட்காருவாள்?

குற்றாலத்தில் ஒரு பெண்கள் விடுதி இருந்தது. வாசிக்கச் சொல்லிப் பார்த்து, நேரே எட்டாம் வகுப்பில் சேர்த்துவிடுவார்கள், சாப்பாடும் உண்டு. ஆனால் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும். அந்த வருஷம் ஓர் இடம்தான் பாக்கி இருந்தது.

அவள் தகப்பனார் கப்பலில் இடம் கிடைக்காமல் ரங்கூனிலேயே தங்கிப்போனவர். ஆறு மாதமாகக் கடிதம் இல்லை. விடுதிக்காரம்மாள் என்னிடம், “தகப்பன் பேருக்கு முன்னால காலஞ்சென்றன்னு போட்டுக் கொண்டாங்க, நான் பாத்துக்கிடுதேன்” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நானும் நல்ல மனசோடுதான் எழுதினேன். ஓர் உபகாரத்துக்காக விண்ணப்பத்தில் வயதைக் கூட்டுவதும் குறைப்பதும் எங்கள் ஊரில் சர்வசாதாரணம். ஆளைச் சாகடிப்பதும் அதில் சேர்த்தி என்று நினைத்துவிட்டேன்.

கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நீட்டினேன். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்று சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். வாசித்தாள். அந்த வரியில் விரல் நின்றது.

“அக்கா, எங்கப்பா சாகலையே.”

குற்றாலத்தில் சீசன் ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவிவிட்டு, அவள் அம்மா அப்போதுதான் ஈரச்சேலையோடு வந்திருந்தாள். என்ன என்று கேட்டாள். மகள் அந்த வரியை வாசித்துக் காட்டினாள்.

“நான் தாலியோட நிக்கேன். இப்பிடி எழுதியிருக்கியளே டீச்சரம்மா.”

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். அந்த இடத்துக்காக நாயாய் அலைந்த எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஆறு மாசமா ஒரு கடுதாசி இல்லை. அவுக இருக்காவளா இல்லையான்னு நீங்க கண்டியளா? ஒரு வார்த்தைக்காகப் பிள்ளை வாழ்க்கையைக் கெடுக்குதியளே” என்றேன்.

கிட்டங்கியில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே இருந்த எல்லாருக்கும் அக்கரையில் யாராவது ஒருத்தர் இருந்தார்கள்.

“எனக்கு அந்த இடம் வேண்டாம்க்கா” என்று அவள் தாளை என் கையில் கொடுத்தாள். மறுநாளிலிருந்து பாடத்துக்கு வரவில்லை. விடுதியில் வேறொரு பெண் சேர்ந்தாள். இவள் பீடி சுற்ற உட்கார்ந்துவிட்டாள்.

ஆவணியில் தகப்பனார் வந்து சேர்ந்தார். செய்தி கேட்டு முதலில் அழுதேன், பிறகு பயந்தேன். ஆனாலும் போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மெலிந்துபோயிருந்த மனிதர், என்னைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டார். நடந்தது எதையும் யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

“பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்குடுத்தது நீங்கதான்னு சொன்னாவ. அப்புறம் ஏன் டீச்சர் படிப்பு நின்னுபோச்சு? நான் முந்தியே வந்து அலைஞ்சிருந்தா எடம் கெடச்சிருக்குமோ?”

அவள் அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த மகள் தலை நிமிராமலே சொன்னாள்.

“அதெல்லாம் இல்லப்பா. எனக்குப் படிப்பு வரலை.”

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.