வயலுக்குக் கதவு எண் இல்லை

எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் எனக்கு இரண்டு வேலை. காலையில் டிராக்டர் மெக்கானிக் பிரிவுக்கு வகுப்பெடுக்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல், படித்து முடித்தவர்களை ஏதாவது ஒரு பட்டறையிலோ மில்லிலோ ஒரு வருஷம் அப்ரண்டிஸாகச் சேர்த்துவிட வேண்டும். முதல் வேலைக்குச் சம்பளம் கிடைக்கிறது, இரண்டாவதுக்குத் திட்டு கிடைக்கிறது.

வருஷா வருஷம் மேலிருந்து ஒரு கடிதம் வரும். பழகுநர் எண்ணிக்கையை உயர்த்த வேண்டும், மார்ச் முடிவதற்குள் காட்ட வேண்டும். மாசி பிறந்ததும் நான் ஃபைலை ஸ்கூட்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அரிசி மில், டிராக்டர் ஷோரூம், மோட்டார் கட்டுகிற கடை, எல்லாப் படியும் ஏறி இறங்கியாயிற்று. முதலாளிகள், "ஆளை அனுப்புங்க டீச்சர், பேப்பரை அனுப்பாதீங்க" என்பார்கள். பெற்றவர்கள், "ஒரு வருஷம் எடுபிடியா நிக்கவா ஐடிஐ படிக்க வெச்சோம்?" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நடுவில் நிற்கிற எனக்குத்தான் கால் கடுக்கிறது.

இந்தப் பெண்ணையும் அப்படி ஒரு மாசிக் கடைசியில்தான் பிடித்தேன். பிடித்தேன் என்று சொல்லவே கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான். கணக்குக்கு இன்னும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. எங்கள் டிராக்டர் பிரிவில் படித்த ஒரே பெண் அவள். படிப்பு முடிந்து வீட்டில் சும்மா இருந்தாள். ஒரத்தநாட்டுக்கு அந்தப் பக்கம் வீடு. அப்பா ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல் போடுகிறவர். சிங்கப்பூரில் இருக்கிற அத்தை மகனுக்கு அவளைக் கேட்டிருந்தார்கள்.

"ஒரு வருஷம் தர்றேன் டீச்சர்" என்றார் அவள் அப்பா. "அதுக்குள்ள சர்டிபிகேட் கைக்கு வந்து, வேலையும் நிலைச்சுதுன்னா அது இஷ்டம். இல்லேன்னா அக்கா வீட்டுக்கு நான் வாக்கு குடுத்துடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

அவள் பின்னால் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

பட்டுக்கோட்டை ரோட்டில் அறுவடை மெஷின் ரிப்பேர் செய்கிற யார்டு ஒன்று உண்டு. நடத்துகிற பாய் சவூதியில் ரொம்ப வருஷம் பெரிய வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர். பொம்பளைப் பிள்ளை என்றதும் கொஞ்சம் யோசித்தார். "நட்டுக்கு ஆம்பளை பொம்பளை தெரியாது, அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார். அவர் மேஜையிலேயே வைத்துப் பாரத்தை நிரப்பினேன். பயிற்சி நடக்கும் இடம் என்று ஒரு கட்டம். யார்டு விலாசத்தை எழுதினேன். வேறு இடங்கள் இருப்பின் என்று அடுத்த கட்டம். அதில் எப்போதும் போல ஒரு கோடு போட்டேன். அந்தக் கட்டத்தில் நான் கோட்டைத் தவிர வேறு எதையும் எழுதியதே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பங்குனியில் சம்பா அறுப்பு முடிந்துவிடும். மெஷின்கள் ஆந்திரா பக்கம் போய்விடும், பாதி மெக்கானிக்குகள் அதன் பின்னாலேயே போய்விடுவார்கள். அறுவடை மெஷின் யார்டில் வேலை கற்றுக்கொள்ள ஒருத்தியைப் பங்குனியில் கொண்டுபோய் விடுவது, கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு சமையலுக்கு ஆள் அனுப்புவது மாதிரி. நானும் இந்த மண்ணில்தான் பிறந்தேன், எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் மார்ச் முடியப் போகிறதே.

அவள் தினமும் பஸ் பிடித்து யார்டுக்குப் போனாள். சுவரில் ஒரு கைரேகை மெஷின் இருக்கும். காலையில் விரலை வைக்க வேண்டும், சாயங்காலம் இன்னொரு தடவை. நடுவில் கூட்டுவாள், பழைய பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி அடுக்குவாள், மறுநாள் அதையே திரும்பவும் கழுவுவாள். ஆடியில் ஒருநாள் போன் செய்தாள்.

"டீச்சர், நாலு மாசமா நான் ஒரு பெல்ட் கூட மாத்தலை."

"பொறுத்துக்கோ, தை வரட்டும்" என்றேன். எனக்கு அப்போது பல்வலி. எரிச்சலோடுதான் சொன்னேன். நடுவில் வந்த குறுவை அறுப்புக்குக் கூடப் பழைய மெக்கானிக்குகளே போய் வந்தார்கள். இவளை யார்டுக்குக் காவல் வைத்துவிட்டுப் போனார்கள்.

தை வந்தது. சுற்று வட்டாரம் முழுக்க ஒரே நேரத்தில் கதிர் முற்றி நின்றது. ஆள் போதாமல் பாய் இவளையும் இறக்கினார். மெஷின் ரிப்பேரானால் அதை யார்டுக்கா இழுத்துக்கொண்டு வருவார்கள்? சேற்றில் நிற்கிற இடத்திலேயேதான் பார்க்க வேண்டும், அதுவும் பனி காய்ந்து அறுப்பு தொடங்குவதற்குள். "உன் ஊர்ப் பக்கம்தானேம்மா, வீட்டுலேர்ந்து நேரா வயலுக்குப் போயிடு" என்று பாய் ஒரு ஸ்பானர் பையை அவளிடமே கொடுத்துவிட்டார். ஒரு தடவை வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். முழங்கால் வரை சேறு, மெஷினுக்கு அடியில் பாதி உடம்பு. டிரைவர் அவளிடம் "அக்கா, ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அந்த ஆளுக்கு அவளைவிடப் பத்து வயசாவது கூட இருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அந்த வருஷத்திலேயே எனக்கு அப்படி இருந்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

வேலை முடிந்ததும் நிலத்துக்காரர் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தருவார். அந்தச் சீட்டுகள் பாயிடம் ஒரு பையில் சேர்ந்துகொண்டே வந்தன. அதில் ஒன்றில் அவளுடைய அப்பாவின் கையெழுத்தும் இருந்தது. அவர் வயலில் நின்றுபோன மெஷினை ஓட வைத்தது அவர் மகள்தான். அன்றைக்கு டீக்கடையில் அவர் அதையே பேசிக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன்.

நடுவில் ஒருநாள் அவள் கேட்டாள். "டீச்சர், வயலுக்கு நேராப் போறதால கைரேகை வைக்க முடியலை. பரவாயில்லையா?"

"நீ வேலையைக் கத்துக்கோ, அதை நான் பாத்துக்கறேன்" என்றேன். பார்க்கவில்லை. மறந்துபோனேன். மாசி ஆயிற்றே, அடுத்த வருஷத்துக்கு ஆள் பிடிக்க ஸ்கூட்டியில் அலைந்துகொண்டிருந்தேன்.

பங்குனியில் பட்டியல் வந்தது. வருகை குறைவு, தேர்வு எழுதத் தகுதியில்லை என்று அவள் பெயருக்கு நேரே இருந்தது. பழைய பேரிங்கைக் கழுவிக்கொண்டிருந்த மாசமெல்லாம் முழு வருகை. வேலை கற்றுக்கொண்ட இரண்டு மாசமும் ஆப்சென்ட்.

சீட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூரில் இருக்கிற பயிற்சி அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. அவர் மேஜையிலும் என்னுடையதைப் போலவே ஒரு பிரஷர் மாத்திரை அட்டை கிடந்தது. சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். சேறு காய்ந்து உதிர்ந்தது.

"வேலை பாத்திருக்கா, நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா பயிற்சி இடம்னு யார்டை மட்டும்தானே போட்டிருக்கீங்க? இந்தக் கோடு யார் போட்டது?"

"நான்தான் சார்."

"அப்புறம் நான் என்னம்மா செய்ய?"

திருத்தப் பார்த்தேன். வேறு இடங்கள் கட்டத்தில் வயல் என்று எழுதினால் கம்ப்யூட்டர் கதவு எண் கேட்டது. கதவு எண் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவே மாட்டேன் என்றது. வயலின் கதவு எண்ணுக்கு நான் எங்கே போவேன்? கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். குறைந்த நாட்களை அவள் யார்டில் திரும்பச் செய்யலாம், நீட்டிப்பு வாங்கிக்கொள்ளலாம். அதில் ஒரு நாள் விட்டாலும் எல்லாம் ரத்து.

அவள் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். கோடு போட்டது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"அன்னைக்கு அது என் வயல்லதான் வேலை பாத்துச்சு டீச்சர். நானே கையெழுத்துப் போட்டேனே" என்றார். "என் கையெழுத்து செல்லாதா?"

"செல்லாதாம்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அக்காகிட்ட தை வரைக்கும் தவணை கேக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

நீட்டிப்பு உத்தரவு வருவதற்குள் ஆவணியே முடிந்துவிட்டது. அவள் மறுபடியும் பஸ் பிடித்துப் போனாள், விரலை வைத்தாள், மண்ணெண்ணெயில் பேரிங் கழுவினாள். குறுவை அறுப்பு தொடங்கியதும் பாய் கூப்பிட்டால் கூட, வயலுக்கு வர முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. நல்ல மெக்கானிக் ஒருத்தியைச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, ஆள் இல்லை ஆள் இல்லை என்று பாய் அலைந்தார்.

ஐப்பசியில் இன்னும் எட்டு நாள்தான் பாக்கி என்கிற நிலையில் அவளிடமிருந்து போன் வந்தது. மத்தியானம் பன்னிரண்டு இருக்கும்.

"டீச்சர், எங்க வயல்ல மெஷின் நின்னுடுச்சு. பாதிதான் அறுத்திருக்கு. மத்த மெக்கானிக் எல்லாம் நீடாமங்கலம் பக்கம் இருக்காங்க, வர இருட்டிடும். கிழக்கே கறுத்துக்கிட்டு வருது. என்ன சத்தம் வந்துச்சுன்னு போன்ல சொன்னாங்க, பேரிங்தான் போயிருக்கு, எனக்குத் தெரியும். நான் போயிட்டு வந்துடவா? ஆனா சாயங்காலம் ரேகை வைக்கத் திரும்பி வர முடியாது."

"அப்பா என்ன சொல்றார்?"

"டீச்சரைக் கேளுன்னாரு."

ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தேன். எனக்கே தெரிந்தது. போ என்று நாக்கு நுனி வரை வந்தது. எட்டு நாள், தை, அவள் அத்தை, அந்தக் கோடு எல்லாம் சேர்ந்து அதைத் திருப்பி அனுப்பின.

"போகாதே" என்றேன். "அங்கேயே இரு."

அவள் சரி டீச்சர் என்றாள். மூன்று மணிக்கு மழை பிடித்தது, நாலு நாள் விடவில்லை. மிச்ச நெல் தண்ணீரில் சாய்ந்து முளைவிட்டது. அறுத்த பாதியையும் ஈரம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட்டார்கள்.

கார்த்திகையில் தேர்வு எழுதினாள், மார்கழிக் கடைசியில் சர்டிபிகேட் வந்தது. அதே யார்டில் நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள். அத்தை மகனுக்கு வேறு இடத்தில் பார்க்கிறார்களாம். நான் சர்டிபிகேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

போன வாரம் மேலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. வெற்றிக் கதை ஒன்று வேண்டுமாம், படத்துடன், ஒரு பக்கத்துக்கு மிகாமல். பெண் பழகுநர் என்றால் நல்லது என்று கீழே யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள். எழுதலாம் என்று அவளுடைய பயிற்சி நாட்குறிப்பை எடுத்தேன். தினமும் என்ன வேலை கற்றாள் என்று அவள் எழுதி, பாய் கையெழுத்திட்டு, கடைசியில் நான் கையெழுத்திட்டது. ஒரேயடியாகப் பக்கம் பக்கமாகத் தள்ளிக் கையெழுத்துப் போட்டிருப்பேன், எதையும் படித்த ஞாபகம் இல்லை.

அந்த ஐப்பசி நாளின் பக்கத்துக்குப் போனேன். வருகை, முழு நாள். இன்று கற்ற வேலை என்ற இடத்தில் அவள் உருண்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: "எதுவும் இல்லை. மழை பெய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

அதற்குக் கீழே, சரிபார்க்கப்பட்டது என்று என் கையெழுத்து.