மணவூரில் ஏறுகிறவரின் வருடம்

"நெய்யற வூட்டுப் பொண்ணு பேப்பர் படிச்சு யாருக்கு இன்னா ஆவப் போவுது?"

என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் பாவா, ஒருமுறை கேட்டது. அப்போது நான் பிளஸ் டூ. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள்... கொஞ்சம் திமிர் இருக்காதா? பேப்பரை இன்னும் சத்தமாகப் படித்தேன்.

அந்தச் சத்தம் இன்னும் குறையவில்லை. தினமும் காலையில் திருத்தணியிலிருந்து சென்னைக்கு லோக்கல் டிரெயினில் வேலைக்குப் போகிறேன். லேடீஸ் பெட்டியில் பேப்பர் வாசிப்பது என் டியூட்டி. எதிர் சீட்டில் பூ கட்டிக்கொண்டு வரும் குமாரியக்கா, "எங்களுக்கும் கேக்கற மாதிரி படியேன் பாப்பா" என்று ஒருநாள் சொன்னார். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டது.

இதற்கு ஒரு டைம்டேபிள் உண்டு. திருத்தணியிலிருந்து அரக்கோணம் வரை முதல் பக்கம் – அரசியல், கோர்ட், விபத்து, தங்கம் விலை. அரக்கோணத்தில் குமாரியக்கா பூக்கூடையோடு இறங்கிவிடுவார். பிறகு சினிமா. மணவூரில் தேவகியக்கா ஏறும்போது கடைசிப் பக்கத்துக்கு வந்திருப்பேன். அது விளையாட்டு. திருவள்ளூரில் ஏறும் கூட்டத்தில் பேப்பரை விரிக்க ஏது இடம்? மடித்துப் பைக்குள் வைத்துவிடுவேன்.

ஒரு வருடம் இப்படியே ஓடியது. இதில் ஏதாவது தப்பு தெரிகிறதா? போன வாரம் வரை எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் குமாரியக்கா அரக்கோணத்தில் இறங்கவில்லை. சென்னையில் ஒரு கல்யாண ஆர்டர். மணவூரில் தேவகியக்கா ஏறினார். என் குரலை வருடம் முழுக்கக் கேட்ட இரண்டு பேரும் முதல்முறையாக எதிரெதிரே உட்கார்ந்தார்கள். எனக்கோ, வருடக் கடைசி என்பதால், பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்திக்காக ஆண்டைத் திரும்பிப் பார்க்க வேண்டிய வேலை. கேட்டு வைத்தேன்.

"இந்த வருஷத்துல பெரிய நியூஸ் எதுக்கா?"

"கூட்டணிதான்," என்றார் குமாரியக்கா. "இவன் அங்க போறான், அவன் இங்க வரான். பூ கட்டற எனக்கே தலை சுத்திச்சு."

"எந்தக் கூட்டணி?" தேவகியக்கா நிஜமாகவே கேட்டார். "பொண்ணுங்க ஜெயிச்சதுதானே பெரிய நியூஸு? கிரிக்கெட்டு, செஸ்ஸு, கபடி... தெனம் எவளாச்சும் ஒருத்தி கப்பு வாங்கினு இருக்கா."

"தெனமா? ஏதோ ஒரு நாள் கேட்ட மாதிரி இருக்குது."

"இன்னாக்கா நீ, ஒரே பொட்டியிலதானே வர?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே பெட்டி, ஒரே பேப்பர் – ஆனால் இருவரும் வாழ்ந்தது வேறு வேறு வருடங்கள்.

தேவகியக்கா பையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்தார். அவர் மகள் நித்யா எட்டாம் வகுப்பு, நன்றாகக் கபடி ஆடுவாள். சென்னையில் ஒரு விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள். மறுநாள்தான் கடைசி நாள். "பூர்த்தி பண்ணிக் குடும்மா," என்று நீட்டினார்.

குமாரியக்காவின் கை நாரிலேயே நின்றுவிட்டது. "ஹாஸ்டலா? வேணாம்மா. பேப்பர்ல இன்னான்னா வருது தெரியுமா? கேட்டா யாரும் புள்ளய வெளிய வுட மாட்டாங்க. இதோ, படிச்சவளே இருக்கா, கேளு."

தேவகியக்கா என்னைப் பார்த்தார். ஃபாரம் என் கைக்கு வராமல் நடுவிலேயே நின்றது.

என்ன சொல்வது? ஒருவருக்குப் பயத்தையும் இன்னொருவருக்கு வெற்றியையும் பிரித்துக் கொடுத்தவள் நான்தானே? அதையும் ஒழுங்காகச் செய்தேனா? மணவூருக்கும் திருவள்ளூருக்கும் நடுவே நேரம் குறைவு. தோற்ற செய்திகளைத் தாண்டிவிடுவேன்.

"அக்கா சொல்றது நெஜம்தான்," என்றேன். "நான் உங்களுக்கு ஜெயிச்சத மட்டும்தான் படிச்சேன். தோத்தவங்க நெறைய பேரு."

"ஆங், அது தெரியாதா?" தேவகியக்கா சாதாரணமாகச் சொன்னார். "ஒருத்தி ஜெயிச்சான்னா எதிர்ல ஒருத்தி தோத்திருப்பா இல்ல? அவளும் வூட்ட வுட்டு வெளிய வந்து ஆடனவதானே. நான் அவளையும் சேத்துதான் கேட்டுகினு இருந்தேன்."

டிகிரி முடித்து, வாராவாரம் உங்களுக்கெல்லாம் பத்தி எழுதும் எனக்கு இது ஒருநாளும் தோன்றவில்லை. நான் வாசிக்காமல் விட்ட வரியையும் ஒருவர் கேட்டிருக்கிறார்... அதுவும் வருடம் முழுக்க, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே. இந்த வருடத்தில் இதைவிடப் பெரிய செய்தி எனக்கு வேறு இல்லை.

குமாரியக்கா நாரில் அடுத்த முடிச்சைப் போட்டார். பிறகு, "எல்லாம் சரி. அங்க ஒண்ணுன்னா ஓடிப் போயி நிக்க ஆள் இருக்குதா?" என்றார்.

நியாயமான கேள்விதான். தேவகியக்காவுக்குப் பேக்கிங் கம்பெனியில் வேலை. போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

ஃபாரத்தை நானே வாங்கி, அவர் சொல்லச் சொல்ல நிரப்பினேன். கடைசியில் ஒரு கட்டம் மட்டும் மிஞ்சியது: அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர். அந்த விடுதி என் ஆபீசிலிருந்து இரண்டே பஸ் ஸ்டாப். என் பெயரையும் நம்பரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கே லஞ்ச் டைமில் ஃபாரத்தை விடுதியில் நேரில் கொடுத்துவிட்டேன். விசிட்டர் நேரம் என்னவென்று வாட்ச்மேனிடம் கேட்டும் வைத்திருக்கிறேன்.