கல்யாண ஆல்பம் பார்த்துக் கட்டிய முகப்பு

கோடை மழை கொட்டி ஓய்ந்த ஒரு காலையில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் புகுந்திருந்தது. பழைய மாதா கோயிலின் முகப்பிலிருந்து பிரித்து வைத்த கற்கள் குளித்து முடித்த மாதிரி சுத்தமாக இருந்தன. நான் கைப்பட எழுதிய எண்களில் ஒன்றுகூட மிச்சமில்லை.

நான் தென்காசிக்காரன். கொத்து வேலைக்கு மலையாள தேசத்து மட்டாஞ்சேரிக்கு வந்து, இங்கேயே குடியேறிவிட்டேன். கும்பளங்கிக்கு அப்பால் காயலோரத்தில் ஒரு கிராமம். அங்கே கோயிலைப் புதுப்பித்துக் கட்டும் வேலையில்தான் முதன்முதலாக சூப்பர்வைசராக நின்றேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சேற்று மண்ணில் அஸ்திவாரம் இறங்கி, சுவரெல்லாம் விரிந்து கிடந்தது. இடித்துவிட்டு, ஆழத்துக்குப் பைலிங் தூண் இறக்கி, கான்கிரீட்டில் எழுப்புவதாகத் திட்டம். முகப்பு மட்டும் பழையபடியே வரவேண்டும் என்று ஊரார் ஒற்றைக் காலில் நின்றார்கள். மேல்பாதி சிவப்பு வெட்டுக்கல்லும் கிளிஞ்சல் சுண்ணாம்பும். கீழே வாசலின் இரண்டு பக்கமும் கருங்கல்லில் கொடி, மீன், தாமரை என்று செதுக்கியிருந்தார்கள். அதைக் கல் கல்லாகப் பிரித்து, எண் போட்டு, புது அஸ்திவாரத்தின் மேல் திரும்ப அடுக்க வேண்டும்.

இன்ஜினியர் பெயின்டில் எழுதச் சொன்னார். கல்லில் கறை விழுமே என்று நான் சாக்பீஸில் எழுதினேன். அதிமேதாவித்தனம், வேறென்ன. டிராயிங்கிலும் கட்டம் கட்டமாக எண்ணை மட்டும் குறித்திருந்தேன். எந்தக் கட்டத்தில் மீன், எதில் தாமரை என்று எழுதவில்லை. போனில் படம் பிடிக்கும் காலமுமில்லை அது. கேமரா கொண்டுவந்து நாலு படம் எடுக்க எனக்குத் தோன்றவும் இல்லை.

பங்குச் சாமியாரை அங்கே அச்சன் என்பார்கள். அவர் கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எந்தா மேஸ்திரி, நம்பர் எவிடே?”

“மழையில போச்சு அச்சோ. தப்பு என்னுதுதான்.”

“ஊருக்காரு என்னைக் கொல்லும். அதுக்கு முன்னாடி நான் உன்னைக் கொல்லும்.”

கான்ட்ராக்டர் ஒரு மாதம் கெடு வைத்தார். அதற்குள் தரையில் வரிசையாக அடுக்கிக் காட்டாவிட்டால் கல்லை ஒதுக்கிவிட்டு சிமென்டில் வார்த்துவிடுவேன் என்றார். என் வேலை போவது ஒரு பக்கம். ஒரு ஊரின் முகத்தையே அழித்தவன் என்ற பேர் வருமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வழி சொன்னவர் அச்சன்தான். அந்த ஊரில் கல்யாணம் முடிந்ததும் குடும்பம் மொத்தமும் வாசல் படியில் நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். ஞாயிறு பூசையில் ஆல்பம் கேட்டு அறிவித்தார். சாயங்காலமே பிளாஸ்டிக் கவரில் சுற்றி, சேலைக்குள் பொதிந்து, ஊரே கொண்டுவந்து குவித்தது. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு கதையும் ஒரு சாயாவும். அப்படியொரு சந்தோஷமான ஆராய்ச்சியை நான் பிறகு செய்ததே இல்லை.

மேல்பாதி பத்தே நாளில் தெளிந்துவிட்டது. கீழ்ப்பாதியில்தான் மாட்டிக்கொண்டோம். எந்தப் படத்தைப் பார்த்தாலும், செதுக்குக் கல் இருக்க வேண்டிய இடத்தில் அத்தையும் மாமாவும் அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது ரோசம்மா வந்தார். இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை செய்பவர். அவருடைய அண்ணனின் ஆல்பத்தை முந்தின வாரம்தான் புரட்டியிருந்தேன். அதில் அறுபது பேர் நின்றார்கள்.

“ஆல்பம் ஒண்ணும் இல்லா மேஸ்திரி. ஒரே ஒரு போட்டோ உண்டு,” என்று பைபிளுக்குள்ளிருந்து எடுத்தார்.

படியில் ரோசம்மாவும் மாப்பிள்ளையும் மட்டும். இரண்டு பக்கமும் ஆள் இல்லை. கொடி, மீன், தாமரை எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. அந்தச் சந்தோஷத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“சொந்தக்காரங்க எல்லாம் எங்க சேச்சி?”

“ஆரும் வந்தில்லா. அவரு வேற மதம். ஞானஸ்நானம் வாங்கித்தான் என்னைக் கட்டினது. ரெண்டு வீட்டுலயும் பிடிக்கல. சாட்சி நின்னதே கோயில் பணிக்காரங்கதான். வெட்கமா இருந்துச்சு. இதுவரை ஆருக்கும் காட்டினதில்லா.”

நான் கேட்டிருக்கக் கூடாது. இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

லென்ஸ் வைத்துப் பார்த்து ஐந்து நாளில் கீழ்ப்பாதியையும் தரையில் அடுக்கி முடித்தோம். ஒரு கல் மிஞ்சவில்லை, ஒன்று குறையவில்லை.

புதுக் கோயிலை மந்திரித்துத் திறந்த அன்று, முதல் படம் ரோசம்மாவுக்குத்தான் என்று அச்சன் சொல்லிவிட்டார். அவரும் கணவரும் கூச்சத்தோடு அதே படியில் நின்றார்கள். போட்டோகிராபர் குனிந்தபோது கூட்டத்திலிருந்து ஒருவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு போய் ரோசம்மாவின் பக்கத்தில் நின்றார். அவருடைய அண்ணன். பின்னால் அண்ணி, அடுத்து ஷெட்டுப் பெண்கள், அப்புறம் கணக்கே இல்லை. “மேஸ்திரியும் வா!” என்று ரோசம்மா கத்த, நானும் ஓடினேன்.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. கல்லைப் பிரித்தால் பெயின்டில் எழுதுங்கள், படம் எடுத்து வையுங்கள்.

அந்தப் படம் மட்டாஞ்சேரியில் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அவ்வளவு பாடுபட்டு அடுக்கிய செதுக்குக் கல்லில் ஒன்றுகூட அதில் தெரியாது.