டிரம்ஸ் இல்லாத கேசட்

தொண்ணூறுகளின் கடைசியில் அக்கா ஒரு பங்க் ராக் குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். குழுவின் பெயர் ‘ஃப்யூஸ் உட் கயா’. ஃப்யூஸ் போய்விட்டது என்று அர்த்தம். தில்லியில் கோடை முழுக்க வீட்டுக்கு வீடு கேட்கிற வாக்கியம்தான். பெயர் வைக்க அவர்கள் அதிகம் யோசித்திருக்க மாட்டார்கள். சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் எங்களுக்குக் கேட்கும். அங்கேதான் அக்கா கத்திப் பழகினாள்.

முதல் கேசட்டில் எல்லாப் பாட்டும் ஒரே ஓட்டம். ஒன்று தொடங்கியது தெரிவதற்குள் முடிந்துவிடும். பஸ்ஸில் இடிக்கிறவர்கள், தண்ணீர் வராத குழாய், இன்டர்வியூவில் எப்போது கல்யாணம் என்று கேட்ட அதிகாரி என்று ஒருவரையும் விடாமல் இந்தியிலும் ஆங்கிலத்திலும் திட்டினாள். “இது பாட்டா, சண்டையா?” என்று அப்பா கேட்டார். தில்லிக்கு வந்து எத்தனை வருஷமானாலும் அம்மாவின் திருநெல்வேலிப் பேச்சு மாறவில்லை. “ஏட்டி, அக்கம்பக்கத்துல என்ன நெனைப்பாவ?” என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். மார்க்கெட்டில் அக்கா பேரம் பேசி வாங்கிவந்த கிழிந்த ஜீன்ஸை அம்மா ஒரு மத்தியானம் ஒட்டுப்போட்டுத் தைத்து, மடித்து வைத்துவிட்டாள். அக்கா பிளேடு தேடி எடுத்து மறுபடி கிழித்தாள்.

டிரம்ஸ் வாசித்தவர் கரோல் பாகிலிருந்து வரும் பஞ்சாபி அண்ணன், எனக்கு ‘பையா’. அம்மாவின் தோசைக்காகவே வருகிறார் என்று நான் நம்பியிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் மேசையிலேயே குச்சிகளால் தட்டுவார், அக்கா பாடுவாள். தாளம் தப்பினால் இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று ஒன்பது வயதில் எனக்கு விளங்கியதில்லை.

குளிர்காலம் வந்தபோது அவர் வருவது நின்றது. பிறகு ஜிகினாத் தாள் சுற்றிய பெட்டியில் லட்டு வந்தது. அவருக்குக் கல்யாணமாம், வீட்டில் பார்த்த பெண்ணாம். நல்ல நெய் லட்டு. அக்கா வேண்டாமென்றதால் அவள் பங்கும் எனக்கே கிடைத்தது.

அதற்குப் பிறகுதான் இரண்டாவது கேசட். டிரம்ஸுக்கு வேறு யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு கிடார், அக்காவின் குரல், அவ்வளவுதான். பாட்டுகள் மெல்ல நடந்தன. யாரையும் திட்டவில்லை. ஒன்று தமிழில்கூட இருந்தது. அதில் யாரோ படியிறங்கிப் போகிறார்கள். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு கல்லூரி விழாவில் அவற்றைப் பாடினாள். அப்பா என்னையும் கூட்டிப் போயிருந்தார். இரண்டாவது பாட்டுக்கே, “புரானா வாலா! தேஸ் வாலா!” என்று பழைய வேகப்பாட்டுதான் வேண்டுமென்று பையன்கள் கூச்சல் போட்டார்கள். ஒருவன் காகிதக் கப்பை வீசினான். கிடார்க்காரர் கையை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார். அவள் தலையசைத்து, விட்ட பாட்டை முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். கூட்டம் பாதி எழுந்து போனது. மிச்சமிருந்தவர்கள் சத்தமில்லாமல் கேட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன்: “டிரம்ஸ் இல்லல்ல, அதான் ஸ்லோவா போகுதா?”

அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆமாடி. அதான்.”

“அப்ப வேற பையாவ சேத்துக்கோயேன். சிம்பிள்!”

“சும்மா வா,” என்றார் அப்பா. அவர் என்னை அதட்டுவது அபூர்வம். சரியான யோசனைக்கு ஏன் அதட்டல் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் இந்தக் காரணத்தையே விளக்கமாகச் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேசட்டைப் போட்டேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, தமிழ்ப்பாட்டு முடிந்ததும், “அத இன்னொரு மட்டம் போடு,” என்றாள். போட்டேன். பாதியிலேயே கத்தியை வைத்துவிட்டு உள்ளே போனாள். போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்த அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

அம்மாவுக்கும் ஒருவழியாக ராக் பிடித்துப்போய்விட்டது என்று எனக்குச் சந்தோஷம். கேசட்டைத் திருப்பி அடுத்த பக்கத்தையும் போட்டேன்.