தலைகீழ் நட்சத்திரங்கள்

ஐம்பத்து மூன்று மணி நேரம். திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்குத் தொடங்கி, புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு முடிந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். நான் நுண்ணுயிரியல் படித்தவள். எதற்கும் ஒரு காரணம் உண்டு என்று பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கியவள். இந்த ஒன்றுக்கு மட்டும் என்னிடம் இன்றுவரை காரணம் இல்லை.

எச்.ஐ.வி.யோடு வாழும் பிள்ளைகளுக்கான இல்லம் அது. அங்கே மருந்து அறையை நான் பார்த்துக்கொள்கிறேன். வளர்ந்ததும் அங்கேதான். தினமும் எட்டு மணிக்கு எனக்கும் ஒரு மாத்திரை உண்டு. நான் சிறுமியாக இருந்தபோது யாருக்காவது மூச்சு வாங்கினால், பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரம் வண்டியில் போக வேண்டும். போனவர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை. அதனால்தான் பெரியம்மா பத்து வருடம் ஆபீஸ் ஆபீஸாகப் படியேறி இறங்கி ஒரு சிகிச்சை அறை கட்டினார். இல்லத்தை நடத்துபவர் அவர்தான். எல்லாருக்கும் அவர் பெரியம்மா.

வெள்ளைச் சுவர். மருந்துக்குத் தனி ஃபிரிட்ஜ். ஆக்சிஜன் மெஷின். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கிளிப். திறந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. கட்டில்கள் இன்னும் வரவில்லை. நர்ஸ் அடுத்த மாதம் ஒன்றாம் தேதிதான் வேலைக்குச் சேருவார். "வண்டி வந்துடுச்சு, டிரைவர்தான் வரல," என்றார் எங்கள் டிரைவர் அண்ணன். அப்போது சிரித்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக மாத்திரை சாப்பிடுவார்கள். ஒருத்தி விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஜோடி பார்த்துவிட்டு அவளுடைய அட்டையில் ஒரு நட்சத்திரம் ஒட்ட வேண்டும். நட்சத்திரம் இருந்தால் மாத்திரை உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். பிள்ளைகள் இருபத்திரண்டு பேர், பதினோரு ஜோடி. நான்கு மாதத்துக்கு முன் பட்டாணி வந்தாள். வயது ஏழு. அவள் இருபத்து மூன்றாவது. ஜோடி இல்லாதவள்.

அவளுக்குக் கட்டிலும் இல்லை. சாமான் அறையிலிருந்து பழைய இரும்புக் கட்டில் ஒன்றை எடுத்துத் துடைத்துப் போட்டார்கள். தலைமாட்டில் 9 என்று பெயிண்டில் எழுதியிருக்கும்.

திங்கட்கிழமை மூன்று மணிக்குப் பட்டாணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கிளிப் 86 காட்டியது. தொண்ணூற்றைந்துக்குக் குறையக் கூடாது. டாக்டருக்குப் போன் செய்தேன். நுரையீரலில் சளிக் காய்ச்சலாக இருக்கும், ஆக்சிஜன் வையுங்கள், ஸ்டோரில் இருக்கும் பெரிய வெள்ளை மாத்திரையை எட்டு மணி நேரத்துக்கு ஒன்று கொடுங்கள், உடனே கூட்டி வாருங்கள் என்றார். கூட்டிப் போக வழி இல்லை. மூன்று நாள் மழையில் பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடியது. பெரியம்மா அந்தக் கரையில் மாட்டிக்கொண்டிருந்தார். இந்தக் கரையில் நானும் சமையல்கார அக்காவும் டிரைவர் அண்ணனும் மட்டும். கரண்ட்டும் இல்லை. ஜெனரேட்டர்தான்.

அவளுடைய கட்டிலையே தூக்கி வந்து புது அறையில் போட்டோம். தூக்கும்போது கட்டில் குழாய்க்குள் சலசலவென்று ஏதோ உருண்டது.

"என்னம்மா, கட்டிலுக்குக் கொலுசு போட்டிருக்கா?" என்றார் டிரைவர் அண்ணன்.

துருவாக இருக்கும் என்று நினைத்தேன்.

நான்கு மணிக்கு முதல் மாத்திரை. பட்டாணி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். நேரத்தை எழுத நான் மேசைப் பக்கம் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் டக் என்று ஒரு சத்தம். சில விநாடி கழித்து... இன்னொரு டக். மெஷின் சத்தம் என்று விட்டுவிட்டேன்.

திங்கள் நள்ளிரவு, 87. செவ்வாய் காலை, 86. செவ்வாய் மாலை, 84.

டாக்டர் குரலில் எரிச்சல் தெரிந்தது. "நாலு டோஸ் போயிருக்கு. கொஞ்சமாவது ஏறணுமே. மாத்திரை உள்ள போகுதா?"

"போகுது டாக்டர். நட்சத்திரம் இருக்கு," என்றேன்.

போனை வைத்துவிட்டுத்தான் அட்டையைச் சரியாகப் பார்த்தேன். கட்டில் கம்பியில் தொங்கியது. நான்கு மாதத்து நட்சத்திரங்கள். எல்லாமே தலைகீழ். ஒற்றை முனை கீழே, இரண்டு கால் மேலே. ஒன்று இரண்டு என்றால் குழந்தைக் கை என்று சொல்லலாம். எல்லாமே அப்படி.

அதை யாரிடமும் சொல்லவில்லை.

புதன் காலை எட்டரை. ஆறாவது டோஸும் முடிந்திருந்தது. கிளிப் 82. சமையலறைக்குப் போய் அக்காவிடம், பட்டாணி நாக்கைத் தூக்கிக் காட்டினாளா என்று கேட்டேன். மற்ற பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுக்க நான் போகும்போது அவர்தான் அறையில் இருப்பார்.

அக்கா கரண்டியை வைத்தார். "நான் எதுக்குப் பாக்கணும்? அவளுக்கு ஜோடி நீதானே?"

"இல்லக்கா. நீங்கன்னு நெனச்சேன்."

"நட்சத்திரம் தினமும் இருக்குமே?"

"நான் ஒட்டல."

"நானும் ஒட்டல."

நான்கு மாதம். ஒருவரை ஒருவர் நம்பி நாங்கள் இருவரும் பார்க்கவே இல்லை.

ஓடினேன். கட்டிலின் தலைமாட்டுக் குழாயில் மேல் மூடி இல்லை. டார்ச் அடித்தேன். உள்ளே, ஆழத்தில்... மங்கலாக, நிறம் தெரியாமல் மாத்திரைகள். அவள் தினமும் சாப்பிட்டதாக நாங்கள் நினைத்த மாத்திரைகள். மேலாக, நான் கொடுத்த பெரிய மாத்திரைகள்.

ஒரு டோஸ்கூட உள்ளே போகவில்லை.

உடனே ஒன்று கொடுத்துப் பார்த்தேன், வாயைத் திறக்கவே இல்லை. மாலை நான்கு மணிக்குப் பொடி செய்து கரைத்துக் கொடுத்தேன். அப்படியே வாந்தி எடுத்தாள். டாக்டர், எட்டு மணிக்கு முழு மாத்திரையாகவே கொடுக்கச் சொன்னார். "இது உள்ள போயே ஆகணும். இனிமே எடுத்துக்க டைம் இல்லம்மா."

ஏழு நாற்பது. கிளிப் 79. உதடு நீலம். டீசல் ஒன்பது வரைக்கும்தான் வரும் என்று டிரைவர் அண்ணன் சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தடவை அவர் ஜோக் அடிக்கவில்லை.

நான் பட்டாணியின் பக்கத்தில் மண்டியிட்டேன். குழாயில் போட யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

"குச்சி அக்கா," என்றாள்.

அந்தப் பேரை அந்த வீட்டில் பதினோரு வருடமாக யாரும் சொன்னதில்லை. ஒன்பதாம் எண் கட்டில் அவளுடையது.

"என்ன சொன்னா?"

"இது வெறும் சத்து மாத்திரைதானாம். கசந்தா குழாய்க்குள்ள போட்டுடலாமாம். ஒண்ணும் ஆகாதாம்." மூச்சு வாங்கினாள். "அக்காவும் என்கூடதான் போடுவாங்க."

"இப்ப எங்க இருக்கா?"

பட்டாணி கட்டிலின் கால்மாட்டைக் காட்டினாள். அங்கே விரிப்பு மட்டும்தான்.

தண்ணீர் எடுக்க எழுந்தேன். நான்கு எட்டு தூரம்தான். டம்ளரை நிரப்பித் திரும்பினேன்.

அவள் விரலில் கிளிப் இல்லை.

"குச்சி அக்காவுக்கும் பாக்கணுமாம்..."

கிளிப் கால்மாட்டில் இருந்தது. விரிப்பின் மேல்.

அதில் ஸ்பிரிங் உண்டு. உள்ளே எதுவும் இல்லையென்றால் வாய் மூடிக்கொள்ளும்.

வாய் மூடவில்லை.

ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது.

எண் இல்லை. இரண்டு கோடு மட்டும். நாடித் துடிப்பு கிடைக்காவிட்டால் அப்படித்தான் காட்டும்.

ஓடத்தான் நினைத்தேன். ஓடினால் பட்டாணி சாவாள். அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

பன்னிரண்டு வயது ஆகும்வரை பிள்ளைகளிடம் நோயின் பேரைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. நான்கு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். அன்று திறந்தேன்.

"இது சத்து மாத்திரை இல்ல பட்டாணி. உன் ரத்தத்துல எச்.ஐ.வி.ன்னு ஒரு கிருமி இருக்கு. என் ரத்தத்துலயும் இருக்கு. மாத்திரைதான் அதைக் கட்டிப் போட்டிருக்கு. நீ அதை முழுங்காததாலதான் இப்ப மூச்சு முட்டுது. குச்சிக்கும் அதே கிருமிதான். அவகிட்ட நாங்க யாரும் சொல்லல. அவ துப்பினா. செத்துப் போயிட்டா."

சொல்லும்போது நான் பட்டாணியைப் பார்க்கவில்லை. கால்மாட்டைப் பார்த்தேன்.

ஏழு ஐம்பத்தொன்பது. விளக்கு மங்கியது.

மெஷின் ஒரு மூச்சு நின்றது.

பிறகு...

டிக்.

கிளிப் மூடிக்கொண்டது.

பட்டாணி கையை நீட்டினாள். மாத்திரையை வாங்கினாள். விழுங்கினாள். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

எனக்கு அல்ல. கால்மாட்டுக்கு.

எட்டு மணி. கட்டில் லேசாகக் கிரீச்சிட்டது. யாரோ எழுந்ததுபோல.

அட்டையில் அன்றைய கட்டத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தது. நான் ஒட்டவில்லை. நான்கு மாதத்தில் முதன்முதலாக, அது நேராக இருந்தது.

எட்டு ஐம்பதுக்குத் தண்ணீர் வடிந்து ஆம்புலன்ஸ் வந்தது. பெரியம்மா அதில் வந்து இறங்கினார். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுப் பட்டாணி திரும்பி வந்தாள். இப்போது நான்கு கிலோ ஏறியிருக்கிறாள். குச்சி அக்கா எங்கே என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். "போயிட்டாங்க," என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

புதுக் கட்டில்கள் வந்த அன்று, வெல்டிங் கடைக்காரரை வரவழைத்து ஒன்பதாம் எண் கட்டிலின் குழாயை நீளவாக்கில் அறுத்தோம். நானும் பெரியம்மாவும் பக்கத்தில் நின்றோம்.

அடியில் மஞ்சள் மாத்திரைகள். நிறம் போய், பொடிந்து, துருவோடு ஒட்டிக் கிடந்தன. குச்சி துப்பியவை. அது எனக்குப் புரிந்தது. நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது கொடுத்த மருந்து அது. ஒன்பது வருடத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். எங்கள் மருந்து அறையில் ஒன்றுகூடக் கிடையாது. சாவி என்னிடம்தான் இருக்கிறது.

அதற்கு மேலேதான் பட்டாணியின் வெள்ளை மாத்திரைகள் தொடங்கின. ஆனால் வெள்ளை மட்டும் இல்லை.

ஒரு வெள்ளை. ஒரு மஞ்சள். ஒரு வெள்ளை. ஒரு மஞ்சள். கடைசியாக நான் கொடுத்த ஆறு பெரிய மாத்திரைகள் வரைக்கும், ஒவ்வொன்றின் மேலும் ஒரு மஞ்சள். அன்றுதான் மாத்திரைப் பட்டையிலிருந்து பிரித்ததுபோலப் பளிச்சென்று.

வெல்டிங் கடைக்காரர் கூலி வாங்காமல் போய்விட்டார்.

பெரியம்மா அடியிலிருந்து ஒரு பழைய மாத்திரையைக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். குச்சியைத் தூக்கிக்கொண்டு அந்த இரண்டு மணி நேரம் வண்டியில் போனது அவர்தான். அவர் மடியில்தான் அவள் உயிர் போனது. மருந்து அவளுக்கு வேலை செய்யவில்லை என்றுதான் இத்தனை வருடமும் எல்லாரிடமும் சொல்லி வந்தார்.

"நீதானேடி அவளுக்கு ஜோடி," என்றார். "உன்னையுமா ஏமாத்திட்டா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். பதினோரு வருடம் அதைத்தான் செய்தேன்.

"ஏமாத்தல பெரியம்மா," என்றேன். "அவ துப்புறது எனக்குத் தெரியும். துப்பின நாளைக்கு நட்சத்திரத்தைத் தலைகீழா ஒட்டுவேன். அது எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்."